இன்னும் நாள் இருக்கிறதே
தலைப்பிரசவமும் குறைமாத வலியும்

தலைப்பிரசவம் என்றால் நம் வீடுகளில் தாய்வீடுதான். வளைகாப்பு முடிந்து, கை நிறையக் கண்ணாடி வளையலோடு பெண் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிக்கு இன்னும் ஏழெட்டு வாரம் இருக்கிறது. ஒருநாள் சாயங்காலத்திலிருந்து இடுப்பில் ஒரு வலி. வருகிறது, போகிறது. அடிவயிறு கல்லாக இறுகி, பிறகு தளர்கிறது. அம்மாவிடம் சொல்கிறாள். "சூட்டு வலியா இருக்கும்மா, இன்னும் நாள் இருக்கே" என்று அம்மா சீரகத்தைக் கொதிக்க வைத்துக் கொடுக்கிறாள். வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி விடுகிறாள். பாட்டி வாயுப் பிடிப்பு என்கிறாள். விடியட்டும் பார்க்கலாம் என்று எல்லோரும் படுத்துக்கொள்கிறார்கள்.

இதில் யாருடைய அன்பிலும் குறையில்லை. சூட்டு வலி என்பது உண்மையாகவே உண்டு. சீரகத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொஞ்சம் ஒருக்களித்துப் படுத்தால் பல நேரம் அது போயும் விடும். ஆனால் குறைமாத வலியும் தொடக்கத்தில் இதே முகத்தோடுதான் வருகிறது. இரண்டாம் பிள்ளைக்காரிக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய வலி இருக்கிறது. முதல் பிள்ளைக்காரிக்கு அது இல்லை. தன் உடம்பு சொல்வதை அவளே நம்புவதில்லை. பெரியவர்கள் சொல்வதை நம்புகிறாள்.

குறைமாதப் பிரசவத்தைப் பற்றி மருத்துவம் கடந்த அறுபது ஆண்டுகளில் கற்றுக்கொண்டவற்றில் மிக முக்கியமானவை, குழந்தை பிறப்பதற்கு முந்தைய ஒன்றிரண்டு நாளில் செய்ய வேண்டியவை. அந்த ஒன்றிரண்டு நாளைத்தான் நாம் வீட்டில் சீரகத் தண்ணீரோடு கழித்துவிடுகிறோம். இந்தக் கட்டுரை முழுக்க நான் சுற்றிச் சுற்றி வரப்போவது இந்த ஓர் இடத்துக்குத்தான்.

முதலில் அளவு. 37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020-ல் உலகம் முழுவதும் அப்படிப் பிறந்தவை சுமார் 1 கோடியே 34 லட்சம். அதாவது பத்துக் குழந்தைகளில் ஒன்று. அவற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், ஏறத்தாழ 30 லட்சம், இந்தியாவில் பிறந்தவை. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் சாவுக்கு உலக அளவில் முதல் காரணம் குறைமாதப் பிறப்பின் சிக்கல்கள்தான். குறைமாதக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவை 32 வாரத்துக்கும் 37 வாரத்துக்கும் இடையில் பிறப்பவை என்பது ஆறுதல். இவற்றைக் காப்பாற்ற விலை உயர்ந்த கருவிகள் பெரும்பாலும் வேண்டியதில்லை. சூடு, தாய்ப்பால், தொற்று வராத சுத்தம், மூச்சுக்குக் கொஞ்சம் உதவி இவை போதும்.

தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆகவே மருத்துவமனைக்குப் போகிறார்களா என்று இங்கே கேட்க வேண்டியதில்லை. எந்த மருத்துவமனைக்கு, எந்த நேரத்தில் போய்ச் சேர்கிறார்கள் என்பதே கேள்வி.

மாதக் கணக்கும் வாரக் கணக்கும்

குறைமாத வலியோடு வரும் பெண்ணிடம் லேபர் வார்டில் கேட்கப்படும் முதல் கேள்வி, "எத்தனையாவது வாரம்?" கூட வந்தவர்கள் சொல்லும் பதில், "எட்டு மாசம்." இந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம், ஒரு முழுக் கர்ப்பம். 28 நாளை ஒரு மாதமாக வைத்துக்கொண்டால் 280 நாளுக்குச் சரியாகப் பத்து மாதம். பத்து மாதம் சுமந்து பெற்றேன் என்று தாய்மார்கள் சொல்வது இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. காலண்டர் மாதத்தில் எண்ணினால் அதே கர்ப்பம் ஒன்பது மாதமும் சில நாளும் ஆகிறது. வீட்டில் பாட்டி ஒரு கணக்கு வைத்திருப்பாள், மகள் ஒரு கணக்கு வைத்திருப்பாள். போதாததற்கு, எட்டு மாதம் என்றால் எட்டு முடிந்ததா, எட்டு நடக்கிறதா என்ற குழப்பம் வேறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 நாள் மாதத்தில் எட்டாம் மாதம் என்பது 28-வது வாரத்தில் தொடங்கி 32-ல் முடிகிறது. காலண்டர் மாதத்தில் அதே எட்டாம் மாதம் முப்பதாவது வாரம் தாண்டித் தொடங்கி, 35-வது வாரத்தை நெருங்கி முடிகிறது. 28 வாரக் குழந்தைக்குத் தோராயமாக ஒரு கிலோ எடை. 35 வாரக் குழந்தைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். ஒன்றுக்கு மூச்சுவிடக் கருவி வேண்டியிருக்கலாம், இன்னொன்று அம்மாவின் மார்பில் பால் குடிக்கப் பழகிக்கொண்டிருக்கும். இரண்டையும் நாம் ஒரே சொல்லால் "எட்டு மாசம்" என்கிறோம். நுரையீரல் வளர்ச்சிக்காகப் போடும் ஊசியை 34 வாரம் வரைதான் உறுதியாகப் பரிந்துரைக்கிறார்கள். அந்தக் கோடும் இதே எட்டாம் மாதத்துக்குள்தான் விழுகிறது.

இதோடு சேர்ந்த நம்பிக்கை ஒன்றும் உண்டு. ஏழு மாதத்தில் பிறந்த குழந்தை பிழைக்கும், எட்டு மாதத்தில் பிறந்தது பிழைக்காது என்பார்கள். நமக்கு மட்டுமான நம்பிக்கை இல்லை இது. பண்டைக் கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களில் எட்டு மாதக் குழந்தையைப் பற்றியே தனி நூல் இருக்கிறது. அங்கும் இதே கருத்துதான். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய இந்த நம்பிக்கையில் துளியும் உண்மையில்லை. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தை பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஏழைவிட எட்டு நல்லது, எட்டைவிட ஒன்பது நல்லது. "எட்டு மாசத்துல வலி கண்டிருச்சு, இனி எங்கே" என்று ஒரு குடும்பம் மனம் தளர்ந்து உட்கார்ந்துவிட்டால் அந்தப் பழம்பேச்சு ஒரு உயிரைக் குடித்துவிடக்கூடும்.

வாரத்தைச் சரியாகச் சொல்ல உதவுவது முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன். அதில் வரும் பிழை சில நாட்கள்தான். கடைசி மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேனில் இரண்டு மூன்று வாரம்கூட முன்பின்னாக இருக்கலாம். ஒவ்வொரு ஸ்கேனிலும் ஒவ்வொரு தேதி போட்டிருக்கிறதே என்று பெண்கள் குழம்புகிறார்கள். முதல் ஸ்கேனை வைத்து டாக்டர் முடிவு செய்த தேதிதான் தேதி. பின்னால் வரும் ஸ்கேன்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பார்ப்பதற்கானவை. அந்த முதல் ஸ்கேன் காகிதம் மாமியார் வீட்டு பீரோவில் இருக்க, பெண் நூறு கிலோமீட்டர் தள்ளித் தாய்வீட்டில் வலியோடு துடிப்பது நம் ஊரில் நடக்காத கதையா?

ஏன் வருகிறது

இது முழுதும் அவிழாத முடிச்சு. குறைமாதப் பிறப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு தானாக நிகழ்பவை. சிலருக்கு வலி முந்திக்கொள்கிறது, சிலருக்கு வலி இல்லாமலே பனிக்குடம் உடைகிறது. மீதி, தாய்க்கோ குழந்தைக்கோ ஆபத்து என்று மருத்துவர்களே முன்கூட்டிப் பிரசவத்தை நடத்துபவை. முதல் கர்ப்பத்தில் இந்த இரண்டாம் வகைக்கு ஒரு பெரிய காரணம் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் கசியும் நோய். அது முதல் பிள்ளையைச் சுமப்பவர்களிடம்தான் அதிகம். கடுமையான தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குதல் இவற்றை, "வயித்துல புள்ள இருந்தா வீங்கத்தான் செய்யும்" என்று தள்ளக்கூடாது.

தானாக வரும் வலிக்கு அறியப்பட்ட துணைக் காரணங்கள் பல உண்டு. சிறுநீர்த் தொற்று அவற்றில் முக்கியமானது. எரிச்சல்கூட இல்லாமல் கமுக்கமாக இருக்கும். பிறப்புறுப்புத் தொற்று, இரட்டைக் குழந்தை, கருப்பை வாய் குட்டையாக இருப்பது, கருப்பையின் அமைப்பில் மாறுபாடு, மிக இளவயதில் கர்ப்பம், ரத்தசோகை எல்லாம் பட்டியலில் உண்டு. மேற்சொன்ன கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, 48.3 சதவீதம், ரத்தசோகை இருந்தது. முந்தைய கணக்கெடுப்பைவிட அது குறையவில்லை, கூடியிருக்கிறது. பிரசவத்துக்கு மருத்துவமனை என்பதில் நூற்றுக்கு நூறை நெருங்கிய மாநிலத்தில் இந்த எண் இருப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

வெயிலையும் சொல்ல வேண்டும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் சுமார் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தார்கள். வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து மற்றவர்களைப்போல இரு மடங்கு இருந்தது. குறைமாதப் பிறப்புக்கும் வெப்பத்துக்கும் தொடர்பு இருப்பதை உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் காட்டுகின்றன. "சூடு" என்று நம் பாட்டிகள் சொன்னதற்கு உணவைத் தாண்டியும் பொருள் இருக்கிறது. உடம்புக்குச் சூடு என்று பப்பாளியைத் தள்ளி வைத்த நாம், சித்திரை வெயிலில் களை பறிக்கும் கர்ப்பிணியைப் பார்த்து ஏன் ஒன்றும் சொல்வதில்லை?

இத்தனை காரணம் சொன்ன பிறகும், குறைமாதத்தில் பிள்ளை பெற்ற பெண்களில் பலருக்கு இவற்றில் ஒன்றும் இருக்காது. நன்றாகச் சாப்பிட்டவள், செக்கப்பை ஒரு தடவையும் தவறவிடாதவள், எல்லா ரிப்போர்ட்டும் சரியாக இருந்தவள், திடீரென்று 31-வது வாரத்தில் வலி கண்டு நிற்பாள். அப்போது வரும் விசாரணை இருக்கிறதே! "எதையாவது தூக்கினியா?" "படி ஏறினியா?" "ராத்திரி ரொம்ப நேரம் போன் பார்த்தியா?" கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறவளிடம் இதைக் கேட்பவர்கள், அந்தக் கேள்வி அவள் மனத்தில் எத்தனை வருடம் தங்கும் என்று யோசிப்பதில்லை. மருத்துவத்துக்கே விடை தெரியாத கேள்விக்கு அவள் குற்றவாளி ஆக்கப்படுகிறாள்.

ஓய்வும் மாத்திரையும்

குறைமாத வலி வரும் என்று பயந்த பெண்ணுக்கு நம் ஊரில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் இரண்டு வழிகள்: கட்டிலைவிட்டு இறங்காமல் படுத்திருப்பது, வலியை நிறுத்தும் மாத்திரை.

படுத்தே கிடப்பதால் குறைமாதப் பிரசவம் தடைபடுகிறது என்பதற்குச் சான்று இல்லை. மாறாக, காலில் ரத்தம் உறைவது, தசை வலுவிழப்பது, மனச்சோர்வு எல்லாம் வருகின்றன. வலியை நிறுத்தும் மருந்துகளில் இந்தியாவில் நெடுநாளாகப் பெருமளவு எழுதப்படும் ஐசாக்சுப்ரின் போன்றவற்றுக்குச் சான்று மிக மெலிது. அவை தாயின் இதயத் துடிப்பைத் தேவையில்லாமல் விரட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இதற்கென்று பரிந்துரைத்தது நிஃபெடிபின். அதுவும் வலியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதற்கு இல்லை. இரண்டு நாள் அவகாசம் வாங்கித் தருவதுதான் அதன் வேலை. கருப்பை வாய் குட்டையாக இருப்பது ஸ்கேனில் தெரிந்த பெண்ணுக்குப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் புரோஜெஸ்டிரோன் பலன் தருகிறது. ஆனால் காரணமே இல்லாமல் எல்லாக் கர்ப்பிணிக்கும் அதை எழுதுவதால் பலனில்லை.

அந்த இரண்டு நாள் எதற்கு என்பதில்தான் இந்தக் கட்டுரையின் உயிர் இருக்கிறது.

ஆட்டுக்குட்டியின் மூச்சு

1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்கும் சற்று மேல். இன்று நம் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இப்படிப் பிறக்கும் குழந்தை வீடு திரும்பிவிடும் என்று பெரும்பாலும் நம்பலாம். உலகத்தின் வலிமை வாய்ந்த அப்பா இருந்தும் பேட்ரிக் 39 மணி நேரமே உயிரோடு இருந்தான். நுரையீரலின் காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான ஒரு பூச்சு இருக்கிறது, சர்ஃபாக்டன்ட் என்பார்கள். குறைமாதக் குழந்தைக்கு அது சுரந்திருக்காது. இதை மேரி எல்லன் ஏவரி என்ற அமெரிக்க மருத்துவர் தம் சக ஆய்வாளரோடு சேர்ந்து 1959-லேயே கண்டு சொல்லியிருந்தார். காரணம் தெரிந்திருந்தது, மருந்து இல்லை.

மருந்து நியூசிலாந்திலிருந்து வந்தது. கிரகாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவருக்கு ஒரே கேள்வி: பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது? அதைத் தெரிந்துகொண்டால் குறைமாத வலியைத் தடுக்கலாம் என்று சினை ஆடுகளை வைத்து ஆராய்ந்தார். வயிற்றுக் குட்டிக்குள் ஸ்டீராய்டு செலுத்தினால் ஆடு முன்கூட்டியே ஈன்றது. அப்படி ஈன்ற குட்டிகளில் ஒன்று, அந்த வயதில் மூச்சே விடக்கூடாத குட்டி, மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. வலி ஏன் வருகிறது என்று தேடிப் போனவருக்கு, வலி வந்துவிட்டால் குழந்தையை எப்படிக் காப்பது என்பது கிடைத்தது. குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியோடு சேர்ந்து ஆக்லாந்தில் 282 தாய்மாரிடம் சோதித்து, 1972-ல் முடிவை வெளியிட்டார். ஊசி போடாத தாய்மாரின் குழந்தைகளில் 25.8 சதவீதத்துக்கு மூச்சுத்திணறல் நோய் வந்தது. ஊசி போட்டவர்களின் குழந்தைகளில் 9 சதவீதத்துக்குத்தான் வந்தது.

உலகம் இதை உடனே பற்றிக்கொள்ளவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஆய்வுகள் நடந்தன. தனித்தனியே பார்த்தவர்கள் தயங்கினார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதுதான் பலன் பளிச்சென்று தெரிந்தது. மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் சில படுக்கைக் கோடுகள் இருக்கும். அவை இந்த ஊசியைப் பற்றிய ஆய்வுகளின் வரைபடம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் இதைப் பரவலாகப் பயன்படுத்தச் சொன்னது 1994-ல்தான். நடுவில் போன 22 ஆண்டில் இந்த ஊசி கிடைக்காமலே எத்தனையோ குழந்தைகள் பிறந்துவிட்டன.

இந்தியாவில் 2014-ல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. 24 வாரத்துக்கும் 34 வாரத்துக்கும் இடையே குறைமாத வலி கண்ட தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. கிராம சுகாதாரச் செவிலியரே முதல் ஊசியைப் போட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்றது. விலை மிகக் குறைந்த மருந்து இது. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கக்கூடியது.

அடுத்த ஆண்டே ஒரு அதிர்ச்சி. இந்தியா உட்பட ஆறு நாடுகளின் கிராமப்புறங்களில் இந்த ஊசியைப் பரவலாக்கிப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2015-ல் லான்செட் இதழில் வந்தது. மொத்தத்தில் குழந்தை இறப்பு குறையவில்லை, சற்றே கூடியிருந்தது. வாரக் கணக்குச் சரியாகத் தெரியாததால், ஊசி போட்டவர்களில் பலருக்கு உண்மையில் குறைமாதமே இல்லை. பிறந்த பின் கவனிக்க வசதியும் பல இடங்களில் இல்லை. பிறகு உலக சுகாதார நிறுவனம் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், ஸ்கேன் மூலம் வாரம் உறுதியான 2,852 பெண்களிடம் சோதித்தது. 2020-ல் வந்த முடிவில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஊசி போட்டவர்களின் குழந்தைகளில் 19.6 சதவீதமும் போடாதவர்களின் குழந்தைகளில் 23.5 சதவீதமும் முதல் 28 நாளில் இறந்தன. 25 தாய்மாருக்கு ஊசி போட்டால் ஒரு குழந்தையின் சாவு தடுக்கப்படுகிறது.

அதே மருந்துதான். வாரம் சரியாகத் தெரிந்து, பச்சிளம் குழந்தைப் பிரிவு உள்ள இடத்தில் போட்டபோது உயிரைக் காத்தது. முதல் ஸ்கேன் காகிதத்தைப் பற்றி மேலே அவ்வளவு நீட்டி எழுதியதற்குக் காரணம் இதுதான்.

ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும். முதல் ஊசிக்கும் பிறப்புக்கும் நடுவே சில மணி நேரம் கிடைத்தாலும் ஓரளவு பலன் உண்டு; ஒன்றிரண்டு நாள் கிடைத்தால் முழுப் பலன். 32 வாரத்துக்கு முன் பிறக்கப்போகிற குழந்தையின் மூளையைக் காக்கத் தாய்க்கு மெக்னீசியம் சல்பேட் ஏற்றுவார்கள். மூளைவாதம் வரும் வாய்ப்பை அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. பனிக்குடம் உடைந்திருந்தால் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். இவை அனைத்தும் குழந்தை வெளியே வருவதற்கு முன் நடக்க வேண்டியவை. சாயங்காலம் வந்த வலிக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு மருத்துவமனை சேர்ந்தால், இவற்றில் எதற்குமே நேரம் இல்லாமல் போகலாம்.

குழந்தைக்கு ஏற்ற வண்டி

மகப்பேறு மருத்துவர்கள் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: குறைமாதக் குழந்தையைக் கொண்டுபோகச் சிறந்த வண்டி தாயின் கருப்பைதான். நம் ஊர்களில் பல நர்சிங் ஹோம்களில் லேபர் வார்டு இருக்கும், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்காது. அங்கே குறைமாதத்தில் பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி, அப்பாவும் மாமாவும் ஆம்புலன்ஸில் இன்னொரு ஊருக்குக் கொண்டுபோக, தாய் இங்கேயே படுத்திருப்பாள். வழியில் குழந்தையின் உடம்பு சில்லிட்டுப் போகிறது. சர்க்கரை இறங்குகிறது. முதல் மணி நேரத்தில் நடக்க வேண்டியது வண்டியிலேயே தொலைகிறது. தாய் பிள்ளை முகம் பார்க்க நாட்கள் ஆகின்றன, பால் கட்டிக்கொள்கிறது.

பிறக்கும் முன்பே தாயை அங்கே கொண்டுபோயிருந்தால் இத்தனையும் தவிர்ந்திருக்கும். தமிழ்நாட்டில் அதற்கு வழி இருக்கிறது. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. மாவட்ட, வட்டத் தலைமை மருத்துவமனைகளில் அவசர மகப்பேறு, பச்சிளம் குழந்தை சிகிச்சைக்காக 24 மணி நேரமும் இயங்கும் சீமாங் மையங்கள் இருக்கின்றன. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பச்சிளம் குழந்தைப் பிரிவு இருக்கிறது. 2011-ல் வந்த மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் தாய்க்கும் நோயுற்ற குழந்தைக்கும் மருந்து, சோதனை, ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு வண்டி எல்லாம் இலவசம். தனியார் மருத்துவமனையில் பேர் பதிந்தவர்கள் ஏழாம் மாதத்துக்குள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: "குழந்தை முன்னாலேயே பிறந்துட்டா இங்கேயே பார்ப்பீங்களா டாக்டர்? இல்லேன்னா எங்கே அனுப்புவீங்க?" எந்த நல்ல மருத்துவரும் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

"போய் ஒண்ணுமில்லேன்னு அனுப்பிட்டா?" என்ற கூச்சம் பெரிய தடை, அதுவும் நள்ளிரவில். குறைமாத வலி என்று மருத்துவமனையில் கண்டறியப்பட்ட பெண்களில்கூட அடுத்த ஏழு நாளுக்குள் பிரசவமாவது பத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான். பலருக்கு வலி தானாகவே அடங்கிவிடும். ஆகவே ஒன்றுமில்லை என்று திரும்பி வரும் வாய்ப்பே அதிகம். அந்த ஆட்டோ செலவை வீண் என்று நினைக்காதீர்கள்.

பிறந்த பின்

"பெட்டியில வச்சிருக்காங்க" என்ற வார்த்தை குடும்பத்தையே உலுக்கிவிடும். ஆனால் பெட்டியைவிட நல்ல இடம் ஒன்று இருப்பது 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தெரியவந்தது. இன்குபேட்டர் போதாமல் ஒன்றில் பல குழந்தைகளைப் படுக்கவைத்த மருத்துவமனை அது. எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் கட்டிவிடச் சொன்னார். கங்காரு பராமரிப்பு என்று பேர் வந்தது. வெகு காலம் வரை, குழந்தை ஓரளவு தேறிய பிறகே இதைச் செய்ய வேண்டும் என்றிருந்தார்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வு அதை மாற்றியது. 1 கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் மார்பில் சேர்த்தபோது முதல் 28 நாள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. தாயைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கும் வழக்கத்துக்கு இனி எந்த நியாயமும் இல்லை. அவள் பார்வையாளர் அல்ல, சிகிச்சையில் ஒரு பாதி. அப்பாவும் சட்டையைக் கழற்றி இதைச் செய்யலாம்.

குறைமாதத் தாய்க்குப் பால் தாமதமாக வரும், சொட்டுச் சொட்டாக. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பீய்ச்சி எடுக்க வேண்டும், அந்தச் சொட்டுச் சீம்பாலும் மருந்துதான். மாவுப்பால் கொடுத்தால் இந்தக் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய் வரும் ஆபத்து கூடுகிறது. இதற்காகத்தான் 1989-ல் அர்மிடா ஃபெர்னாண்டஸ் மும்பை சயான் மருத்துவமனையில் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் அவை உண்டு.

கண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரக்கூடும். வெளியே ஒன்றும் தெரியாது. பிறந்து 30 நாளுக்குள் கண் மருத்துவர் பார்க்க வேண்டும்; மிகச் சின்னக் குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாக. வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் இந்தச் சோதனை மறந்துபோய்ப் பார்வை போன குழந்தைகள் உண்டு. உரிய நேரத்தில் லேசர் செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

வேலைக்குப் போகும் பெண்கள் 36-வது வாரம் வரை ஓடி, பிரசவத்துக்குப் பின் விடுப்பை மிச்சம் வைத்துக்கொள்ளத் திட்டமிடுகிறார்கள். 32-ல் வலி வந்தால் திட்டம் கலைகிறது. பாதி விடுப்பு மருத்துவமனை வராந்தாவிலேயே கழிகிறது. மகப்பேறு விடுப்புக்கான சட்டம் குறைமாதப் பிறப்பால் வரும் உடல்நலக் குறைவுக்குக் கூடுதலாக ஒரு மாதம்வரை சம்பளத்தோடு விடுப்புத் தருகிறது. 1961-லிருந்து சட்டத்தில் இருக்கும் இந்த வரியைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு.

இனி வளைகாப்புக்கு வருகிறேன். ஏழாம் மாதம் அல்லது ஒன்பதாம் மாதம் நாம் வளையல் அடுக்குகிறோம். அங்கன்வாடிகள் மூலம் அரசே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. குறைமாத வலிக்கான காலம் சரியாக ஏழாம் மாதத்தில்தான் தொடங்குகிறது. பெண்ணைச் சுற்றி அம்மா, மாமியார், அத்தை, நாத்தனார் என்று முடிவெடுக்கும் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கும் நாளும் அதுதான். அன்றைக்கு ஐந்து வகைச் சோற்றோடு ஐந்து நிமிடம் ஒதுக்கி நர்சம்மா இவற்றைச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, அதற்கும் நெருக்கமாக வயிறு இறுகுவது. விட்டு விட்டு வரும் இடுப்பு வலி. அடியில் குழந்தை அழுத்துவது போன்ற பாரம். தண்ணீர் போலக் கசிவது, சொட்டாக இருந்தாலும் சரி. ரத்தமோ சளி போன்ற திரவமோ படுவது. குழந்தையின் அசைவு குறைவது. 37 வாரத்துக்கு முன் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சீரகத் தண்ணீர் கொதிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவரும் அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். சீர்த்தட்டோடு அவளுடைய முதல் ஸ்கேன் காகிதத்தையும் கர்ப்பிணி அட்டையையும் கேட்டு வாங்கி வாருங்கள். பச்சிளம் குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனை உங்கள் ஊருக்கு அருகில் எது என்று அன்றைக்கே விசாரித்து வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அவள் வந்து எழுப்பி, "அம்மா, என்னமோ பண்ணுது" என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.